பாட்டில் என்ன அணி? புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழி

அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியலில் 35 அணிகள். தன்மையணியில் தொடங்கிப் பாவிகத்தில் போய் முடியும். உவமைக்கு மட்டுமே இருபதுக்கு மேற்பட்ட வகைகள். முதல் நூற்பாவிலிருந்து மனப்பாடம் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் நாலாவதாக வரும் தீவகத்தைத் தாண்டுவதில்லை. தேர்வுக் கையேடுகள் இதற்கு நேர் எதிர்: பத்து அணி, அணிக்கு ஒரு வரி இலக்கணம், கூடவே ஒரு குறள். அந்தக் குறளே வந்தால் விடை எழுதிவிடலாம். பக்கத்துக் குறள் வந்தால் முழிக்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒப்புமையை வைத்து அமைந்த அணிகள்தான் அதிகம். அவற்றை ஒரே கேள்வியை வைத்துப் பிரித்துவிடலாம். கவிஞர் எதைச் சொல்லியிருக்கிறார், எதைச் சொல்லாமல் நம்மிடம் விட்டிருக்கிறார்? இந்தக் கேள்வி கைவசம் இருந்தால், பார்த்தே இராத பாட்டிலும் அணி பிடிபடும். பெயரை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது: பொருளை உரைநடையில் எழுதுவது

அணி தேடுவதற்கு முன்னால் பாட்டைப் பதம் பிரித்து, இரண்டு மூன்று வாக்கியங்களில் உங்கள் சொந்த நடையில் எழுதிவிடுங்கள். சலிப்பான வேலை. ஆனால் பொருள் புரியாமல் அணி சொல்பவர்கள் ‘போல’ என்ற சொல்லைத் தேடுபவர்களாகத்தான் இருப்பார்கள். குறளுக்குப் பரிமேலழகர் உரை கடினமாக இருந்தால் எளிய உரை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சங்கப் பாட்டாக இருந்தால் கூற்றையும் பாருங்கள்: யார் பேசுகிறார், யார் காதில் விழும்படி பேசுகிறார். அது தெரியாமல் அகப்பாட்டில் ஒரு அடிகூட நகர முடியாது. மூலமும் பழைய உரைகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று. மோனை, எதுகை, இயைபு ஆகியவை அணிகள் அல்ல; அவை தொடைகள், யாப்பில் சேர்ந்தவை. ‘அகர’ என்பதும் ‘பகவன்’ என்பதும் இரண்டாம் எழுத்தில் ஒன்றிவருவது எதுகை. ‘அகர’, ‘ஆதி’ இரண்டும் முதலெழுத்தில் இணைவது மோனை. காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக இவற்றை அணிக் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

உவமையின் உறுப்புகளை எண்ணுங்கள்

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை (குறள் 151)

தன்னைத் தோண்டுபவரையே நிலம் தாங்கி நிற்கிறது. அதுபோலத் தம்மை இகழ்பவரைப் பொறுத்துக்கொள்வது தலையாய பண்பு. இதில் நிலம் உவமை (உவமானம் என்றும் சொல்வார்கள்). பொறுத்துக்கொள்ளும் மனிதர் உவமேயம். ‘போல’ உவம உருபு. ‘தாங்குதல்’ இரண்டுக்கும் பொதுவான தன்மை.

உருபு எப்போதும் ‘போல’ என்றே வராது. நன்னூல் ஒரு பட்டியலே தருகிறது: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. குறளில் ‘அற்று’ அடிக்கடி வரும். இதை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பொதுத்தன்மையை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். உவமையைச் சுவைப்பதற்கு அதுதான் வாசல். தொல்காப்பியர் உவமவியலைத் தொடங்குவதே இதைச் சொல்லித்தான்:

வினைபயன் மெய்உரு என்ற நான்கே
வகைபெற வந்த உவமத் தோற்றம்

புலிபோலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை வினையில். மழைபோன்ற கை என்றால் பயனில். கைக்கும் மழைக்கும் வடிவில் எந்த ஒற்றுமையும் இல்லை, இரண்டும் கொடுக்கின்றன. துடியிடை என்றால் வடிவில், அதாவது மெய்யில். பவளவாய் என்றால் நிறத்தில், அதாவது உருவில். ஒரு உவமையைப் பார்த்தவுடன் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பழகுங்கள். சில இடங்களில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட உவமைகள்தான் மனதில் தங்குகின்றன என்பது என் எண்ணம்.

உவமையாக வரும் பொருள் உலகத்தில் இல்லாததாகவும் இருக்கலாம். ‘அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று’ (78). அன்பில்லாத வாழ்க்கை, கடும்பாறை நிலத்தில் பட்டுப்போன மரம் துளிர்த்தது போன்றது. அப்படி எங்கும் துளிர்ப்பதில்லை. அதனால் அந்த வாழ்க்கையும் தழைக்கப்போவதில்லை. இது இல்பொருள் உவமை. நடக்காத ஒன்றைக் காட்டியே ‘நடக்காது’ என்று சொல்லிவிடுகிறார்.

இப்போது ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

உவமையின் உறுப்புகளில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால், ஒவ்வொரு இடத்திலும் ஒரு அணி நிற்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உருபை மட்டும் எடுங்கள்.

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு (396)

தோண்டத் தோண்ட மணற்கேணியில் நீர் ஊறும். படிக்கப் படிக்க மனிதருக்கு அறிவு ஊறும். இரண்டு வாக்கியங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. நடுவே ‘அதுபோல’ இல்லை. அதை நாம்தான் போட்டுக்கொள்கிறோம். இது எடுத்துக்காட்டு உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற முதல் குறளும் இதே அமைப்புதான்.

அடுத்து, இரண்டு பொருளையும் ஒன்றாக்கிவிடுங்கள். முகம் மலர் போன்றது என்பது உவமை. முகமே மலர் என்றால் உருவகம். தொகையாக வரும்போது சொற்களின் வரிசையைப் பார்த்தால் போதும். ‘மலர்முகம்’ என்று உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை. ‘முகமலர்’ என்று பொருள் முன்னால் வந்தால் உருவகம். கயல்விழி உவமைத்தொகை, விழிக்கயல் உருவகம். செய்தித்தாளில் வரும் ‘ஊழல் பெருச்சாளி’ கூட உருவகம்தான், யாரும் அதை அணியாக நினைத்து எழுதுவதில்லை என்றாலும்.

உருவகத்தை முழுதாக விரித்துக் காட்ட ஆழ்வார்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியை இப்படித் தொடங்குகிறார்:

வையம் தகளியா வார்கடலே நெய்யாக
வெய்ய கதிரோன் விளக்காக

உலகம் அகல், கடல் நெய், சூரியன் சுடர். பூதத்தாழ்வார் அதே விளக்கை உள்ளே கொண்டுபோகிறார்:

அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக
இன்புருகு சிந்தை இடுதிரியா

இங்கே அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் மனம் திரி. விளக்கின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு இணை சொல்லப்பட்டிருக்கிறது, எதுவும் விடுபடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒருவர் ஏற்றிய விளக்கில் உலகமே தெரிகிறது, இன்னொருவர் ஏற்றியதில் மனம் தெரிகிறது. உருவகம் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு வெண்பாக்களைக் காட்டினாலே போதும்.

இணைகளில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் அது ஏகதேச உருவகம்.

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார் (10)

பிறவியைக் கடல் ஆக்கினார். இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை. கடல் என்று வந்துவிட்டதால் தெப்பத்தை நாமே கட்டிக்கொள்கிறோம். ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ (505) என்பதிலும் அப்படியே. செயல் உரைகல் ஆயிற்று, அதில் உரசிப் பார்க்கப்படும் பொன் எது என்பது சொல்லப்படவில்லை.

இதற்கும் மேலே போய் உவமேயத்தையே முழுக்க எடுத்துவிடலாம்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின் (475)

மயிற்பீலி ஏற்றிய வண்டியானாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். குறள் இவ்வளவுதான். வண்டிக்காரனுக்குச் சொன்ன அறிவுரை மாதிரியே இருக்கிறது. சொல்ல வந்தது எங்கே? அதிகாரத் தலைப்பில் இருக்கிறது: வலியறிதல். எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொள்ளும் அரசன், அவர்கள் ஒன்றுசேர்ந்தால் முறிவான். இது பிறிது மொழிதல். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ (496) என்ற குறளில் தேரும் கப்பலும் மட்டும்தான் வருகின்றன, அந்த அதிகாரம் இடனறிதல். குறளில் உவமேயம் காணவில்லை என்றால் கண்ணை மேலே தூக்கித் தலைப்பைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

பிறிது மொழிதலை நாம் தினமும் செய்கிறோம். பழமொழிகள் எல்லாம் அப்படித்தான் வேலை செய்கின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒரு தேர்வில் கோட்டைவிட்டால் ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்கிறார் பாட்டி. வீட்டில் யானை கிடையாது. யாரும் ‘எந்த யானை?’ என்று கேட்பதும் இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தண்டியலங்காரத்தில் இந்த அணிக்கு ‘ஒட்டு’ என்று பெயர். பரிமேலழகர் 475-க்கு எழுதும்போது பிறிது மொழிதல் என்று சொல்லிவிட்டு, இதை நுவலா நுவற்சி என்பாரும் ஒட்டு என்பாரும் உண்டு என்று குறிப்பிடுகிறார். புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விட்டுப்போன உறுப்பு எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் எந்தப் பெயரோடும் பொருத்திவிடலாம்.

கழித்தலின் கடைசி எல்லை உள்ளுறை. அங்கே இன்னொன்று சொல்லப்படுகிறது என்ற தடயமே மேலே தெரியாது. ஏதோ ஊரை வருணிப்பது போல இருக்கும். அதைக் கடைசியில் ஒரு முழுப்பாட்டோடு பார்ப்போம்.

‘போல’ இருந்தால் மட்டும் உவமை ஆகிவிடாது

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோவடிகள் எழுதுகிறார்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

‘வராதீர்கள்’ என்று சொல்வது போலக் கைகாட்டித் தடுத்தன அந்தக் கொடிகள். ‘போல்’ இருக்கிறது. ஆனால் கொடியை வேறு எந்தப் பொருளோடும் ஒப்பிடவில்லை. காற்றில் ஆடுவது கொடியின் இயல்பு. அந்த இயல்புக்குக் கவிஞர் தன் குறிப்பிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்கிறார். இது தற்குறிப்பேற்றம்.

அதே காதையில் சற்று முன்னால் வையை வருகிறது. ஆற்றுநீர் தெரியாதபடி பூக்கள் மூடிக்கிடக்கின்றன. கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள் போல, வையை பூவாடையைப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாளாம். ஆறு கதையை முன்னமே அறிந்திருக்கிறது; அந்த இருவருக்குத்தான் தெரியவில்லை. படிக்கிற நமக்கும் கதை தெரியும் என்பதால் நாமும் ஆற்றின் பக்கம் நின்றுவிடுகிறோம்.

தற்குறிப்பேற்றமா என்று சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். அது தானாக நடக்கிற இயற்கை நிகழ்ச்சியா? கவிஞர் அதற்கு ஒரு எண்ணத்தை அல்லது நோக்கத்தைக் கொடுத்திருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் உருபைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வேற்றுமையணியும் உவமையிலிருந்து விலகும் ஒன்று. முதலில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும், பிறகு பிரிக்கும். தீயும் சுடும், நாவும் சுடும். தீயால் சுட்டது ஆறும், நாவால் சுட்டது ஆறாது (129). ‘புண்’ என்றும் ‘வடு’ என்றும் வள்ளுவர் சொல்லை மாற்றியிருப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒப்புமையே இல்லாத ஒன்று: ஆகுபெயர்

உருவகத்தையும் ஆகுபெயரையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். இரண்டிலும் ஒரு சொல் வேறு பொருளைக் குறிக்கிறது. வித்தியாசம் உறவில். உருவகத்தில் இரண்டு பொருளுக்கும் ஒற்றுமை இருக்கும். ஆகுபெயரில் (உவமையாகுபெயர் ஒன்றைத் தவிர) ஒற்றுமை கிடையாது, சேர்க்கை மட்டுமே உண்டு. ‘ஊரே சிரித்தது’ என்றால் ஊர் மனிதர்களைப் போல் இருப்பதால் அல்ல. மனிதர்கள் ஊரில் இருப்பதால். ‘டெல்லி மறுத்துவிட்டது’, ‘தலைக்கு நூறு ரூபாய் போடுங்க’, ‘பாரதியைப் படித்திருக்கிறீர்களா?’, ‘அண்ணே, ரெண்டு லிட்டர் ஊத்துங்க’ எல்லாம் ஆகுபெயர்களே. இடம், உறுப்பு, எழுதியவர், அளவு என்று எதன் பெயர் எதற்கு ஆகிவந்திருக்கிறது என்று கேட்டால் வகையும் தெரிந்துவிடும். இது அணியிலக்கணத்தில் வராது, சொல்லிலக்கணத்தில் வரும். நன்னூலில் பெயரியலில் இருக்கிறது.

புகழா, பழியா

வஞ்சப்புகழ்ச்சிக்கு எல்லோரும் காட்டும் குறள் ‘தேவர் அனையர் கயவர்’ (1073). கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள். ஏனென்றால் அவர்களும் தம் மனம்போல நடக்கிறார்கள். நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இந்த அணி எதற்குப் பயன்படுகிறது என்பது புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் படித்தால்தான் தெரியும்.

அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை. ஔவையார் அதியமானின் தூதராகப் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். பார்த்துவிட்டுப் போய் உன் தலைவனிடம் சொல் என்பது அதன் உட்பொருள். ஔவையார் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டிக்
கண்திரள் நோன்காழ் திருத்தி நெய்அணிந்து
கடியுடை வியனக ரவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து
கொல்துறைக் குற்றில மாதோ

இவையோ மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, காம்பைத் திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அவையோ பகைவரைக் குத்தி, விளிம்பும் நுனியும் சிதைந்து, கொல்லனின் சிறு உலைக்களத்தில் கிடக்கின்றன.

‘இவை’ என்றால் உன்னுடையவை. ‘அவை’ என்றால் எங்களுடையவை. மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானின் படைக்கலம் புகழப்படுகிறது, அதியமானுடையது இகழப்படுகிறது. நிதானித்துக் கேட்டால் ‘நீ போரே செய்ததில்லை’ என்பது தெரியும். பகைவனின் அரண்மனைக்குள் நின்றுகொண்டு வேறு எப்படிச் சொல்ல முடியும்? கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, அவர் சொன்னது அத்தனையும் பாராட்டு.

தண்டியலங்காரத்தில் இது இலேசம் என்ற அணியில் அடங்கும்: புகழ்வது போலப் பழித்தல், பழிப்பது போலப் புகழ்தல். ஔவையின் பாட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தொல்காப்பியத்தில் அங்கதம் இரண்டு வகைப்படும், நேரே வைவது செம்பொருள் அங்கதம், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். இன்றைய கட்டுரைகளில் ‘அங்கதம்’ என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவதையே மனதில் கொள்கிறார்கள்.

சொல்லை வைத்து விளையாடுபவை

இவற்றை விரைவாகவே கடந்துவிடலாம், ஏனென்றால் கண்ணிலேயே தெரிபவை. ஒரு சொல்லோ பொருளோ திரும்பத் திரும்ப வந்தால் பின்வருநிலை. அதே சொல் அதே பொருளில் வந்தால் சொற்பொருள் பின்வருநிலை: ‘எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு’ (299). சொல் ஒன்று, பொருள் வேறு வேறு என்றால் சொல் பின்வருநிலை: ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ (12). பொருள் ஒன்று, சொற்கள் வேறு என்றால் பொருள் பின்வருநிலை. தோன்றி அவிழ்ந்தன, காயா அலர்ந்தன, முல்லை நெகிழ்ந்தன, கொன்றை விண்டன என்று பூத்தலையே பல சொல்லில் சொல்லும் பாட்டு தண்டியலங்காரத்தில் உண்டு.

நிரல்நிறை என்பது வரிசை. ‘அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது’ (45). அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு.

சிலேடையில் ஒரே தொடர் இரண்டு பொருளுக்கும் பொருந்தும். காளமேகப் புலவரின் பாம்பும் வாழைப்பழமும் பலருக்கும் தெரிந்தது:

நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்

பாம்புக்கு நஞ்சு இருக்கும், பழுத்த பழம் நைந்து இருக்கும். பாம்பு தன் தோலை உரிக்கும், பழத்தின் தோலை நாம் உரிப்போம். பாம்பு சிவன் முடிமேல் இருக்கும், பழம் அபிடேகத்தில் அதே முடிமேல் போகும். சிலேடை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தொடரையும் இரண்டு பத்திகளாக எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு பத்தியில் காலி இடம் விழுந்தால் அது அரைகுறைச் சிலேடை. மேடைகளில் கைதட்டல் வாங்கும் பலவும் இந்தச் சோதனையில் தேறாது.

படிமமும் குறியீடும்

புதுக்கவிதை பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டு சொற்கள் வந்துகொண்டே இருக்கும். பலர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுவார்கள். புலன்களுக்கு எட்டும்படி ஒன்றைக் கண்முன் நிறுத்துவது படிமம். அது வேறு எதையும் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறியீடு தன்னைத் தாண்டி வேறொன்றைச் சுட்டும், ஆனால் இதுதான் என்று ஒரே விடையில் அடங்காது. பாரதியின் அக்கினிக்குஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் ஒரு பொந்தில் வைத்த சிறுதீ, ‘வெந்து தணிந்தது காடு’. விடுதலை வேட்கை என்று ஒருவர் சொல்வார், ஞானம் என்று இன்னொருவர் சொல்வார். பாட்டு இரண்டுக்கும் இடம் தருகிறது. உவமேயம் இல்லை என்ற அளவில் இது பிறிது மொழிதலுக்குச் சொந்தம்தான். பீலிவண்டிக் குறளில் நம்மை ஒரே இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரத் தலைப்பு இருந்தது, இங்கே அப்படித் தலைப்பு இல்லை.

ஒரு பாட்டில் எல்லாவற்றையும் செய்து பார்ப்போம்

குறுந்தொகை 8. பாடியவர் ஆலங்குடி வங்கனார்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

முதலில் கூற்று. பேசுபவள் காதற்பரத்தை, அதாவது மனைவிக்கு வெளியே தலைவன் காதலித்து நாடும் பெண். தலைவி தன்னைப் பற்றிப் புறம்பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள்.

அடுத்து உரைநடை. வயலோர மாமரத்தில் பழுத்து விழும் இனிய பழத்தைப் பொய்கை வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர் அவனுடையது. எங்கள் வீட்டில் பெரிய பெரிய பேச்செல்லாம் பேசுவான். தன் வீட்டிலோ, முன்னால் நிற்பவர் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போல, தன் மகனுடைய தாய்க்கு அவள் விரும்பியதெல்லாம் செய்வான்.

உவமையை எண்ணுங்கள். உவமை ஆடிப்பாவை, உவமேயம் தலைவன், உருபு ‘போல’. பொதுத்தன்மை? தொல்காப்பியரின் நான்கில் இது வினை. பிம்பத்தின் அழகையோ நிறத்தையோ பற்றிப் பேச்சில்லை. தானாக எதுவும் செய்ய முடியாத அதன் அசைவைப் பற்றித்தான் பேச்சு. இன்னும் ஒரு படி போகலாம். பிம்பம் என்றால் கண்ணாடி முன்னால் நிற்பது யார்? தலைவி. அவள் கை தூக்குகிறாள், இவன் தூக்குகிறான். அவனை மட்டும் கேலி செய்வது போலத் தொடங்கி, அவளையும் உள்ளே இழுத்துவிட்டாள். ‘மனைவி’ என்று சொல்லாமல் ‘தன் புதல்வன் தாய்’ என்று சொல்வதில் இருக்கும் குத்தலுக்கு எந்த அணிப்பெயரும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மிச்சம் இருப்பது முதல் இரண்டு அடிகள். மாமரமும் வாளையும் எதற்கு? ஊர் வருணனை என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் ஆறே அடியுள்ள பாட்டில் இரண்டு அடியை வருணனைக்காக வீணாக்க மாட்டார் ஒரு சங்கப் புலவர். தொல்காப்பியம் உள்ளுறை கருப்பொருளில் பிறக்கும் என்கிறது, தெய்வம் மட்டும் விலக்கு. மரம், மீன், விலங்கு, பறவை எது வந்தாலும் அதைப் பாட்டிலுள்ள மனிதர்களோடு பொருத்திப் பாருங்கள். வயல் மாமரத்தில் விளைந்து, தானே உதிர்ந்த பழம்: தலைவன். பொய்கையில் இருந்த இடத்திலிருந்தே அதைக் கவ்விய வாளை: தான். அவள் மரமேறிப் பறிக்கவில்லை. வலைவீசிப் பிடித்தாள் என்று தலைவி சொல்லியிருந்தால், பழம் தானாகவே வந்து விழுந்தது என்பது அதற்கான பதில். இதை வாய்திறந்து சொல்லியிருந்தால் சண்டை. மீனையும் மாம்பழத்தையும் பேசியதால் அது வெறும் ஊர்ப்பேச்சு. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டிருக்கும்.

உள்ளுறைக்குப் பக்கத்திலேயே ‘இறைச்சி’ என்று ஒன்று உண்டு. இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாத, பொருளுக்குப் புறத்தே நிற்கும் குறிப்பு அது. உரையாசிரியர்களே அதில் ஒருமித்துப் பேசுவதில்லை. ஐம்பது அறுபது குறுந்தொகைப் பாட்டாவது படித்த பிறகு அந்தப் பக்கம் போகலாம். அதுவரை மருதத்திணைப் பாடல்களில் எருமையும் நாரையும் கெண்டையும் வரும் இடங்களாகப் பார்த்துப் பயிற்சி செய்யுங்கள். உள்ளுறை அங்கேதான் ஏராளமாகக் கிடக்கிறது.